காப்பாளர் ஏன் இரண்டு முறை இருமுகிறார்

இளையோர் நாவல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

என் மேசை இப்போது உங்களில் ஒருவருக்கு வந்திருக்கும். இடது பக்க இழுப்பறை திறக்காது. திறக்க முயல வேண்டாம். நான் முயன்று கைப்பிடி கையோடு வந்துவிட்டது, பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் நான் விடைபெற்றபோது முதலாளியம்மா, "புதுப் பிள்ளைங்களுக்கு உபயோகமா நாலு விஷயம் எழுதிக் கொடுங்க சார்" என்றார். பிழை திருத்துவதையும் அச்சகத்தில் கெஞ்சுவதையும் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது இரண்டே விஷயங்களைப் பற்றி. ஒன்று, பின்னால் வரப்போவதற்குக் கதையின் முன்பக்கங்களிலேயே கோடி காட்டுவது. இன்னொன்று, கடைசி அத்தியாயத்தை இஸ்திரி போட்டு, மடித்து, சுருக்கமே இல்லாமல் வாசகர் கையில் கொடுப்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் எழுதிய நாவலை, அவள் எழுதியது என்று தெரியாமலே, மாதக்கணக்கில் எடிட் செய்தவன் நான். அந்தக் கதையில் வரும் கொடுங்கோலர் யார் என்பதும் கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதைக் கடைசியில் சொல்லியிருந்தால் "அப்பவே நினைச்சோம்" என்று சொல்லியிருப்பீர்கள். இப்போது சொன்னதால், எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசிப்பீர்கள். நானும் அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பிரிவுக்கு வரும் பிரதிகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போன ஊர்க் கதைகள். ஊரைச் சுற்றிப் பெரிய மதில் இருக்கும். மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் இருக்கும். தண்ணீரோ காற்றோ அளந்து கொடுக்கப்படும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் உடைப்பாள். முதல் பக்கத்தில் அவள் கழுத்தில் செத்துப்போன தாத்தாவின் தாயத்து தொங்கினால் ஜாக்கிரதை, கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அது மதிலின் சாவியாகிவிடும். அதற்கடுத்த பக்கத்தில் ஆட்சி கவிழும். அடுத்த பத்தியில் மழை பெய்யும். காணாமல் போன தம்பி, பிரிந்துபோன தோழி, செத்துவிட்டதாக நினைத்த நாய் எல்லாரும் அந்த மழையில் நனைந்துகொண்டே வருவார்கள். நாய்க்கு ஒரு கீறல்கூட இருக்காது.

இவற்றைச் சலிக்கத்தான் பஜ்ஜி வாசிப்பு. இன்னும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த தலைமை எடிட்டர் ஆரம்பித்த வழக்கம் அது. அச்சுக்குப் போகும் முன், மயிலாப்பூர் ஆபீஸின் மொட்டை மாடிக் கொட்டகையில் சனிக்கிழமை மதியம் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து, தட்டில் வாழைக்காய் பஜ்ஜி வைத்து, நாவலைச் சத்தமாக வாசிப்போம். கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்தி, "இனி என்ன ஆகும்?" என்று கேட்போம். இரண்டாவது பஜ்ஜிக்குள் சொல்லிவிட்டால் கதையில் கோடி அதிகம். பஜ்ஜி தீர்ந்த பிறகும் ஒருவருக்கும் பிடிபடாவிட்டால் கோடி குறைவு. இதைவிட நல்ல அளவுகோலை நான் எந்தப் பயிலரங்கிலும் பார்த்ததில்லை. முதல் வருடம் ஒரு துப்பறியும் கதைக்கு, பிள்ளைகள் முதல் பஜ்ஜியைச் சட்னியில் தொடும் முன்பே கொலையாளி பெயரைச் சொல்லிவிட்டார்கள். தலைமை எடிட்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஆளை மூணு தடவை இடது கையால காபி குடிக்க வெச்சது நீங்களா, எழுதினவரா?" என்று கேட்டார். நான்தான். தெளிவாக இருக்கட்டுமே என்று சேர்த்திருந்தேன்.

அதன் பிறகு கோடிகளைக் கண்டுபிடித்து வெட்டுவதில் நான் பெயர் வாங்கினேன். எழுத்தாளர்களுக்கு என்மேல் பயம். "சார் மோப்பம் பிடிச்சிருவார்" என்பார்கள். இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சோமு சாரின் மின்னஞ்சல் வந்தது போன வருட அரையாண்டுப் பரீட்சைச் சமயத்தில். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று முடிந்திருந்தது. நாவலின் பெயர் 'நலமா நகரம்'. பாலவாக்கத்தில் வசிப்பதாகவும், காது சற்று மந்தம் என்பதால் தொலைபேசியில் பேச இயலாது என்றும், முட்டி வலி காரணமாக நம் ஆபீஸ் மாடி ஏற முடியாது என்றும் எழுதியிருந்தார். இதற்கு மேல் ஒரு எடிட்டருக்கு என்ன வேண்டும்? நான் மளமளவென்று அவரைக் கட்டி எழுப்பிவிட்டேன். வயது அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு. கொஞ்சம் சர்க்கரை. பையன் அமெரிக்காவில். இதில் ஒரு வரியைக்கூட அவர் சொல்லவில்லை.

கதையைச் சொல்கிறேன். நலமா நகரத்தில் பசி இல்லை, போர் இல்லை. தெருவோரச் சுவர்களில் எல்லாம் மெத்தை ஒட்டியிருக்கும், யாருக்கும் அடிபடக் கூடாது என்று. மதிலுக்கு வெளியே கடல் இரைவது கேட்கும், ஆனால் யாரும் பார்த்ததில்லை. மணிக்கொரு முறை ஒலிபெருக்கி கரகரக்கும். காப்பாளர் என்று ஒருவர், முகம் காட்டாதவர், இரண்டு முறை இருமிவிட்டு, "நலமா?" என்று கேட்பார். எல்லாரும் மணிக்கட்டுப் பட்டையை அழுத்தி "நலம்" என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் காவலர்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருக்காது. ஒரு கம்பி உடைந்த மஞ்சள் குடையும் கம்பளிச் சட்டையும் பிளாஸ்கில் கஷாயமும் இருக்கும். துளிர் என்ற பெண்ணுக்கு அந்தக் கஷாயத்தைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது. அவளுக்குக் கடலைப் பார்க்க வேண்டும்.

நான் அசந்துவிட்டேன். அன்பையே அடக்குமுறையாக்கி எழுத ஒரு மின்வாரியப் பொறியாளருக்கு எப்படித் தோன்றியது! ஓரக் குறிப்புகள் எழுத ஆரம்பித்தேன். 'இருமல் அடிக்கடி வருகிறது. நிஜ வாழ்க்கையில் யாரும் பேசும் முன் இப்படி ஒழுங்காக இரண்டு முறை இருமுவதில்லை. குறைக்கவும்.' 'பூட்டிய வீட்டுக் கதவைக் காவலர் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது மிகை.' 'உடைந்த கம்பியுள்ள மஞ்சள் குடை கண்ணை உறுத்துகிறது. இதை வைத்தே வாசகர் காப்பாளரைக் கண்டுபிடித்துவிடுவார்.'

சோமு சார் பதில் எழுதினார்: 'ஐயா, கண்டுபிடித்தால் நல்லதுதான். கண்டுபிடிக்க வேண்டியவர் கண்டுபிடிப்பாரா என்பதுதான் என் கவலை.'

என் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடையாறில் ஒரு மூன்றாம் மாடி. நான், வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவி செல்வி, அப்போது பிளஸ் டூ முடிக்கவிருந்த எங்கள் ஒரே மகள் நிவேதா. அவளுக்குக் கடல் உயிரியல் படிக்க ஆசை. கொச்சியில் ஒரு கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதி, இடமும் கிடைத்துவிட்டது.

"கொச்சியா? அங்க மழை ஜாஸ்தியாச்சேம்மா."

"கடலுக்குள்ள இறங்கிப் படிக்கப் போறேன்பா. எப்படியும் நனைவேன்."

"இங்க மூணு ஸ்டாப் தள்ளி ஒரு காலேஜ்ல விலங்கியல் இருக்கு. அந்தக் காலேஜ் மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தா கடல் தெரியுது. நானே ஏறிப் பார்த்தேன்."

"நீங்க எதுக்குப்பா அங்க ஏறினீங்க?"

"கைப்பிடிச் சுவர் உயரமா இருக்கான்னு பார்க்கத்தான்."

கடைசியில் "பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்கப்போவதில்லை என்று பொருள். நான் கெட்ட மனிதன் இல்லை. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவன், அவ்வளவுதான். காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை மணிக்கொரு முறை என் கைபேசியில் அலாரம் அடிக்கும். விடுமுறை நாட்களில், அலாரம் அடித்ததும் மகளுக்கு 'எங்க இருக்க?' என்று ஒரு செய்தி அனுப்புவேன். பக்கத்து அறையில் இருந்தாலும் அனுப்புவேன். பழக்கம்.

இந்தக் கவலையை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. சோமு சாரிடம் சொன்னேன். 'ஒரு தகப்பனுக்கு இன்னொரு தகப்பன் எழுதுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆரம்பித்து, மகள் கொச்சிக்குப் போகத் துடிப்பதையும், எனக்குத் தூக்கம் கெட்டதையும், அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசுவதில்லை என்பதையும் நீளமாக எழுதினேன்.

பதில் வந்தது. 'ஐயா, தங்கள் மகள்மீது தங்களுக்கு உள்ள அன்பு இங்கே பாலவாக்கம்வரை கேட்கிறது. ஒலியைச் சற்றுக் குறைத்தால் அவளுக்கும் கேட்கக்கூடும்.'

அதைச் செல்வியிடம் படித்துக் காட்டினேன். "என்ன மனுஷன் பார்த்தியா! அனுபவம் பேசுது." செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு, "குக்கர் சத்தம் கேக்குது, இருங்க" என்று எழுந்து உள்ளே போனாள். அன்று குக்கர் வைக்கவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் நிவேதாவிடமும் சொன்னேன். "சோமு சார் மாதிரி பெரியவங்ககிட்ட நீ நாலு நாள் பேசணும்."

"அவர் பேச்சை நீங்க கேப்பீங்களாப்பா?"

"கண்ணை மூடிக்கிட்டு கேப்பேன்."

"அப்ப சரி" என்று தட்டில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரமே சோமு சார், பெண் பிள்ளைகள் தோழிகளோடு கடற்கரைக்குப் போய்வருவது நுரையீரலுக்கு நல்லது என்று எழுதினார். நிவேதாவின் தோழி வீடும் பாலவாக்கத்தில்தான். போகச் சொன்னேன். போகும்போது முட்டி வலிக்கு நல்ல தைலம் ஒரு புட்டி கொடுத்து, "கடற்கரையில சாயங்காலம் நடப்பாராம். பார்த்தா கொடுத்துடு" என்றேன். திரும்பி வந்து, "கொடுத்துட்டேன்பா. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றாள்.

நாவலில் எங்களுக்குள் சண்டை வந்தது கடைசி அத்தியாயத்துக்காக மட்டும்தான். சோமு சார் எழுதிய முடிவில், துளிர் மதிலுக்கு வெளியே வந்து ஈர மணலில் நிற்கிறாள். பின்னால் ஒலிபெருக்கி இரண்டு முறை இருமி "நலமா?" என்கிறது. அவள் கட்டைவிரல் பட்டைமேல் இருக்கிறது. அழுத்தினாளா, தெரியாது. கதை முடிகிறது.

எனக்கு இது பொறுக்கவில்லை. 'அவள் சாப்பிட்டாளா என்றுகூடத் தெரியாமல் வாசகரை எப்படி அனுப்புவது?' என்று எழுதினேன். நானே ஆறு பக்கத்துக்கு ஒரு முடிவும் எழுதி அனுப்பினேன். காப்பாளர் கோபுரத்திலிருந்து இறங்கி வருகிறார். மணலில் மண்டியிட்டு அழுகிறார். துளிர் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். மதில் இடிக்கப்படுகிறது. மழையும் பெய்கிறது. ஆம், நானேதான். மூன்றாம் அத்தியாயத்தில் மதில் வாசலைப் பற்றி இருந்த ஒரு பத்தியையும் 'முடிவுக்கு இடைஞ்சல்' என்று குறித்து வெட்டிவிட்டேன்.

சோமு சாரின் பதில் இரண்டே வரி. 'ஐயா, காப்பாளர் அழுதால் அவளால் போக முடியாது. அவருக்கும் அது தெரியும்.'

பெரியவர் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளியம்மா என் பக்கம் இருந்தார். அவர் பிறந்த வீடு தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தெற்கத்திக் குடும்பம். "கதைக்கு முடிவுங்கறது சேலைக்கு முந்தானை மாதிரி சார். கஸ்டமர் அதைத்தான் விரிச்சுப் பார்ப்பாங்க. ஸ்கூல் லைப்ரரில வாங்கணும்னா கடைசிப் பக்கத்துல எல்லாரும் சிரிக்கணும்." பள்ளி திறக்கும் முன் புத்தகம் வர வேண்டும். அச்சகத்தில் திங்கட்கிழமை மிஷின் ஒதுக்கியிருந்தார்கள். என் ஆறு பக்கங்களை வடிவமைத்தும் ஆகிவிட்டது. அதே திங்கட்கிழமைதான் கொச்சிக் கல்லூரியில் இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாள். இரண்டு தேதியும் ஒன்றாக இருந்தது என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் ஒரு நாவலில் இதைப் பார்த்திருந்தால் 'தற்செயல் அதிகம், மாற்றவும்' என்று எழுதியிருப்பேன்.

திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை, பஜ்ஜி வாசிப்பின் கடைசிச் சுற்று. மே மாத வெயில். முதல் மூன்று வாரமும் வாசித்த சக எடிட்டருக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. நான் பிரதியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். எதிரே பிள்ளைகள். முன்வரிசையில் பட்டினப்பாக்கத்து ஸ்டெல்லா, அவள் அம்மா மீன் வியாபாரம். பக்கத்தில் தி. நகர் நகைக்கடை வீட்டுப் பையன் கோகுல். மாட வீதியிலிருந்து ஆதி.

வாசிக்கும் முன் தொண்டையைச் செருமினேன். இரண்டு முறை.

கொட்டகையே சிரித்தது.

"சார், ஆக்டிங்லாம் வோணாம் சார், சும்மா பட்ச்சிக்கினு போ" என்றாள் ஸ்டெல்லா.

"ஆக்டிங் இல்லம்மா. தொண்டை."

தொடர்ந்தேன். துளிர் மதிலை நெருங்கிக்கொண்டிருந்தாள். சரியாக அந்த இடத்தில் என் அலாரம் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, கைபேசியில் தட்டிவிட்டுத் திரும்பினேன். யாரும் பஜ்ஜியைக் கடிக்கவில்லை.

"யாருக்கு சார் மெசேஜ்?" என்றான் கோகுல்.

"என் பொண்ணுக்கு. மணி நாலு ஆச்சு."

"நாலு ஆச்சுன்னா?"

"எங்க இருக்கான்னு கேப்பேன்."

"மூணு மணிக்கும் தட்டினீங்களே சார்."

"அது மூணு மணிக்கு எங்க இருந்தாங்கறதுக்கு. இது நாலு மணிக்கு."

ஆதி மெதுவாகக் கையைத் தூக்கினான். "சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்காத்துலயும் எல்லாரும் எதையாவது கேட்டுண்டேதான் இருப்பா. ஆனா அந்தக் குடை..."

எல்லாரும் என் நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் என் மஞ்சள் குடை மாட்டியிருந்தது. ஒரு கம்பி உடைந்தது. கத்திரி வெயிலில் மழை வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லையே என்று தினமும் எடுத்துப் போவேன்.

"சார்" என்றாள் ஸ்டெல்லா, "இந்த சோமு சாரு பாலவாக்கத்துல இல்ல சார். உன் வூட்லதான் கீறாரு."

"என்னம்மா உளர்ற? அவர் அறுபது வயசு மனுஷர். முட்டி வலி."

"நீ பாத்துக்கீறியா சார் அவர?"

"பார்த்ததில்ல. ஆனா தைலம் கொடுத்தனுப்பியிருக்கேன்."

"யார்கைல?"

"என் பொண்ணு..."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். கோகுல் எனக்கு ஒரு பஜ்ஜியை நீட்டினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பஜ்ஜி கொடுத்துப் பிள்ளைகளைச் சோதித்தவன் நான். அன்றைக்குத்தான் எனக்கு ஒருவர் கொடுத்தார்.

வழக்கத்தை விடக் கூடாது என்று அந்த ஆறு பக்கங்களையும் வாசித்து முடித்தேன். காப்பாளர் அழுதார், மழை பெய்தது. கோகுல், "நல்லா பாலிஷ் போட்டிருக்கீங்க சார். ஆனா பாலிஷ் ரொம்பப் போட்டா தங்கமே தேஞ்சிடும்னு எங்க கடையில சொல்வாங்க" என்றான். ஸ்டெல்லா இன்னும் நேரடியாகப் பேசினாள்.

"அவ்ளோ பெரிய மனுஷன் குந்திக்கினு அழுதா அந்தப் பொண்ணு இன்னா சார் பண்ணும்? எங்கம்மா கண்ணத் தொட்ச்சாலே நான் டியூசனுக்குப் போ மாட்டேன். கடசி வரிக்கும் அது கடலப் பாக்கவே இல்ல சார். நீ பாக்கவே வுடல."

திரும்பிப் பிரதியைப் பார்த்தேன். உண்மைதான். என் ஆறு பக்கத்தில் அழுகை இருந்தது, மழை இருந்தது, கட்டிப்பிடிப்பு இருந்தது. கடல் ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். நிவேதா அவள் அறையில், கதவு சாத்தியிருந்தது. செல்வி சோபாவில் காலை நீட்டி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்தனுப்பிய அதே புட்டி, பாதி காலி.

"சந்தோஷப்பட்டாங்கன்னு உன்னைத்தான் சொன்னாளா?"

"வலி நல்லா குறையுதுங்க" என்றாள் செல்வி. பிறகு, "கண்டுபிடிச்சிட்டீங்களா? நான் இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு நினைச்சேன்."

"ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"முதல் அத்தியாயத்துலேர்ந்து சொல்லிக்கிட்டேதானே இருக்கா. நீங்கதான் சிவப்புல அடிச்சு அடிச்சு அனுப்பினீங்க."

கதவைத் தட்டலாம் என்று போனேன். தட்டினால் அப்பா பேசுவார், அழுதாலும் அழுவார். காப்பாளர் அழுதால் என்ன ஆகும் என்றுதான் எழுத்தில் வந்துவிட்டதே. திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்து கைபேசியில் மின்னஞ்சல் எழுதினேன்.

'அன்புள்ள சோமு சார், கடைசி அத்தியாயத்தைப் பற்றி மறுபடி யோசித்தேன். காப்பாளரே வந்து மதில் வாசலைத் திறந்துவிட்டால் என்ன?'

அனுப்பியதும் கதவுக்குப் பின்னால் 'டிங்' என்று கேட்டது. செல்வி தைலத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் என் கைபேசி 'டிங்' என்றது.

'ஐயா, வாசல் எப்போதுமே பூட்டப்படவில்லை. அது மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம். போனால் காப்பாளர் பயந்துபோவாரே என்றுதான் யாரும் போகவில்லை. அந்தப் பத்தியைத் தாங்கள் வெட்டிவிட்டீர்கள்.'

இந்த வேலையில் நான் எத்தனையோ பத்திகளை வெட்டியிருக்கிறேன். வெட்டிய ஒன்றைத் திரும்ப எடுத்துப் படித்தது அன்றுதான். மகளை நான் பூட்டி வைத்திருப்பதாக அவள் எழுதியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவள் அப்படி எழுதவில்லை.

'மூன்றாம் அத்தியாயப் பத்தி திரும்பச் சேர்க்கப்படுகிறது. ஆறு பக்கமும் எடுக்கப்படுகிறது. திங்கட்கிழமை வேறு ஏதாவது உறுதிசெய்ய வேண்டியிருந்தால் உறுதிசெய்துவிடவும்' என்று எழுதினேன்.

டிங். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. பதில்தான் வந்தது. 'நன்றி ஐயா. இருமலைக் குறைக்கவா?'

'வேண்டாம். அப்படியே இருக்கட்டும்' என்றேன்.

திங்கள் காலை, முதலாளியம்மா அறையில்தான் நிஜமான நெருக்கடி. இதைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் வரும். மிஷின் காத்திருந்தது. பக்கங்களைப் பதினாறு பதினாறாக ஃபாரம் கணக்கில் அடுக்கியாயிற்று. ஆறு பக்கத்தை உருவினால் புத்தகத்தின் கடைசியில் ஆறு பக்கம் வெறுமையாக நிற்கும். மறுபடி அடுக்க நேரமில்லை.

"முந்தானையே இல்லாத சேலையை யாரு சார் வாங்குவா?" என்றார் முதலாளியம்மா. "உங்களுக்கும் இந்த முடிவுதானே பிடிச்சிருந்தது? ரெண்டு நாளுக்குள்ள என்ன ஆச்சு?"

"முடிவு எனக்குப் பிடிச்சிருந்ததுதாம்மா தப்பு. அது துளிருக்காக எழுதின முடிவு இல்ல. நான் தூங்கறதுக்காக எழுதினது."

அவர் கையிலிருந்த பிரதியை மூடினார். "எழுதினது உங்க பொண்ணாமே?"

"யார் சொன்னது?"

"பஜ்ஜிக் கடைக்காரர்கூட சொன்னார் சார்." பெருமூச்சு விட்டார். "சரி, எடுங்க. கடைசி ஆறு பக்கத்தை பிட்டுத் துணின்னு நினைச்சுக்கறேன்."

புத்தகம் அப்படியே வந்தது. பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு பள்ளிகளிலிருந்து பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றை நீங்கள்தான் கையாள வேண்டியிருக்கும். மன்னிக்கவும். ஒரு நூலகத்தில் ஒரு பிள்ளை அந்த வெற்றுப் பக்கங்களில் பென்சிலால் முடிவு எழுதியிருந்ததாம், அதில் காப்பாளருக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்களாம். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு கோடியை வெட்டும் முன், அது யாருக்காகக் காட்டப்படுகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எல்லா எழுத்தாளர்களும் பொது வாசகருக்காக எழுதுவதில்லை. சிலர் ஒரே ஒருவர் கண்ணில் படட்டும் என்று எழுதுகிறார்கள், அந்த ஆள் மேசைக்கு இந்தப் பக்கம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கலாம். கடைசி அத்தியாயம் சுருக்கமில்லாமல் மடிந்து வந்தால், அதனால் யார் நிம்மதியாகத் தூங்கப்போகிறார்கள் என்று பாருங்கள். கதாநாயகியாக இருக்காது. பெரும்பாலும் எடிட்டராகத்தான் இருக்கும்.

போன மாதம் நிவேதாவை ரயிலேற்ற சென்ட்ரலுக்குப் போனோம். பெட்டியை தி. நகரில் நான்தான் வாங்கினேன். மூன்று பூட்டுப் போடும் வசதி உள்ளது. ஒன்று போதும் என்று கடைக்காரரே சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்று மஞ்சள் குடையை நீட்டினேன்.

"அங்க மழை ஜாஸ்தி."

"கம்பி உடைஞ்சிருக்குப்பா."

"அதனாலென்ன, பாதி நனையாம இருப்ப."

வாங்கிக்கொண்டாள். ரயில் அசைந்தது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. தொண்டையைச் செருமினேன், இரண்டு முறை. அவள் ஜன்னல் கம்பி வழியாக விரலை நீட்டி, "அப்பா, அதோட நிறுத்திக்கோங்க. புரியுது" என்றாள். நிறுத்திக்கொண்டேன். ரயில் போய்விட்டது.

அடையாறு திரும்பும் ஆட்டோவில் என் அலாரம் அடித்தது. கைபேசியை எடுத்தேன். 'எங்க இருக்க?' என்று தட்டி, அழித்தேன். மறுபடி தட்டி, மறுபடி அழித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், நெட்டு இல்லியா?" என்று கேட்டார். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டேன்.

மயிலாப்பூரைத் தாண்டும்போது 'டிங்' என்று கேட்டது. என்னுடையது இல்லை. செல்வி கைப்பையிலிருந்து எடுத்து வாசித்தாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, வெளியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் போலிருக்கும். எனக்கும்தான். அடையாறு பாலம் வரைக்கும் நான் கேட்கவில்லை. வீட்டு மாடி ஏறும்போதும் கேட்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது செல்வி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கைபேசி மேசைமேல்தான் கிடக்கிறது. இன்னும் கேட்கவில்லை.